ஸ்கோப்பை ‘ஸீரோ’ செய்வது: சுழியாக்கலா, குறி சேர்த்தலா?

வணக்கம்.

ரைஃபிள் ஸ்கோப் (குறி பார்க்கத் துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கி) கையேட்டின் தமிழாக்கத்துக்குச் சொல் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பல சொற்களில் சண்டைக்கே இடமில்லை. ஸ்கோப்புக்குக் ‘குறிநோக்கி’ எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அதைத் துப்பாக்கியில் இறுக்கிப் பிடிக்கும் ரிங்குக்கு ‘வளையம்’ போதும். இழுபறி எல்லாம் ‘ஸீரோ’வில்தான். குறிநோக்கியில் பார்க்கும் இடத்திலேயே குண்டு விழும்படி அதைச் சரிசெய்வதைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள்.

> பாடநூலிலேயே சுழிப்பிழை, சுழித்திருத்தம் என்று இருக்கிறது. புதிதாக எதற்கு? சுழியாக்கல் என்றே வைத்துவிடலாம்.

பாடநூலில் இருப்பது உண்மைதான். ஆனால் வெர்னியர் அளவியில் நாம் கருவியைத் தொடுவதில்லை. பிழையைக் குறித்துக்கொண்டு, வந்த அளவில் கூட்டியோ கழித்தோ விடுகிறோம். இங்கே கருவியையே திருகி மாற்றுகிறோம். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. என் முதல் வரைவில் நானே அதில் விழுந்தேன், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

துப்பாக்கி சுடும் விளையாட்டில் இருக்கும் ஒரு நண்பரிடம் வரைவைக் கொடுத்து, இதைப் படித்து அப்படியே செய்து பாருங்கள் என்றேன். 50 மீட்டர். மூன்று குண்டுகள் சுட்டார். மூன்றும் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள் நெருங்கி விழுந்தன, ஆனால் குறிக்கு 4 செ.மீ. கீழே. நான் எழுதியிருந்தது: ‘குண்டு கீழே விழுந்தால் குறுக்கிழையை மேலே நகர்த்தவும்.’ (குறுக்கிழை என்பது ஸ்கோப்புக்குள் கூட்டல்குறி போலத் தெரியும் இழை.) அவரும் ஸ்கோப்புக்குள் பார்த்தபடி, இழை மேலே ஏறும் பக்கமாக, இழையை நகர்த்தும் குமிழை 11 சொடுக்கு (‘டிக்’கென்று நகரும் ஒவ்வொரு படியும் ஒரு சொடுக்கு) திருப்பினார். அடுத்த மூன்றும் 8 செ.மீ. கீழே! இழை மேலே போனால், குறியில் இழையை வைக்க நாம் குழலைத் தாழ்த்துவோம், குண்டு இன்னும் கீழே போகும். குமிழின் மேல் ‘மேலே’ என்று போட்டிருக்கும் அம்புக்குறி, இழை போகும் திசையைச் சொல்லவில்லை. குண்டு போகும் திசையைத்தான் சொல்கிறது. 22 சொடுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிய பிறகுதான் சரியானது.

ஆக, நடக்கும் வேலை இதுதான்: குண்டு விழும் இடத்தை, கண் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது. இதில் சுழி எங்கே இருக்கிறது? ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு குமிழின் திருகைத் தளர்த்தி, மேல்மூடியை மட்டும் தூக்கித் திருப்பி, அதில் உள்ள 0-வைக் கோட்டுக்கு நேரே வைப்பார்கள். அது உண்மையாகவே சுழியில் வைத்தல். ஆங்கிலம் இரண்டு வேலையையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டது. நாமும் அடைக்க வேண்டுமா?

இன்னொன்று. குறிநோக்கி குழலுக்கு ஏறத்தாழ 4 செ.மீ. மேலே உட்கார்ந்திருக்கிறது. குண்டு பார்வைக் கோட்டுக்குக் கீழிருந்து புறப்பட்டு, ஏறி, அதைக் கடந்து, பிறகு இறங்கி மறுபடி கடக்கிறது. அதனால் எந்தத் தொலைவுக்குச் சரிசெய்தோம் என்று சொல்லாமல் இருக்க முடியாது. ‘சுழியாக்கல்’ என்று வைத்தால் அது ‘சுழித்தொலைவு’ ஆகும். சுழித்தொலைவு என்றால் தொலைவே இல்லை என்றல்லவா பொருள்!

இன்னொருவர் ‘குறிபொருத்தல்’ என்றார். நல்ல சொல். ஆனால் குறிநோக்கியைத் துப்பாக்கியில் பொருத்துவதற்கு ஓர் அத்தியாயம் முழுக்கப் ‘பொருத்து’ என்றே எழுதியிருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே வினை என்றால் படிப்பவர் தடுமாறுவார்.

நான் முன்வைப்பது ‘குறி சேர்த்தல்’. சுருதி சேர்ப்பது போல. தந்தியை முறுக்கி, கேட்டு, மறுபடி முறுக்கி, ஒலி ஒத்துவரும் இடத்தில் நிறுத்துகிறோம். சுட்டு, பார்த்து, திருகி, மறுபடி சுடுவதும் அதே வேலைதான். வினையாகவும் இது நன்றாக வளைகிறது: ‘50 மீட்டருக்குக் குறி சேர்த்த ரைஃபிள்’, ‘இன்னும் குறி சேரவில்லை’. துப்பாக்கி கீழே விழுந்து இடிபட்டால் ‘குறி விலகிவிட்டது’. சுழியாக்கலை வைத்து இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிப் பாருங்கள், நான் எழுதிப் பார்த்துத் தோற்றுவிட்டேன்.

மற்றவற்றைச் சுருக்கமாக.

கோண அளவுக்குப் பழைய வானியல் கணக்கில் பாகை, கலை, விகலை என்று தயாராகவே இருக்கிறது. ஒரு பாகையில் 60 கலை. ஒரு கலை 100 மீட்டரில் ஏறத்தாழ 29 மி.மீ. பல குமிழ்களில் ஒரு சொடுக்கு கால் கலை, அதாவது 50 மீட்டரில் 3.6 மி.மீ. மேலே சொன்ன 11 சொடுக்குக்குக் கணக்கு இதுதான். கலைச்சொல் குழுவில் ‘கலை’ என்ற சொல்லுக்கே எதிர்ப்பு வருமோ என்று பயம், வந்தால் ‘கோணக்கலை’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘மில்’ என்ற இன்னொரு கோண அளவை அப்படியே விட்டுவிடுவோம்.

‘eye relief’ என்பதற்குக் ‘கண் நிவாரணம்’ என்று யாரோ இயந்திர மொழிபெயர்ப்பைக் கேட்டு அனுப்பியிருந்தீர்கள். சொட்டு மருந்து விளம்பரம் போல இருக்கிறது. கண்ணுக்கும் பின்வில்லைக்கும் நடுவே விட வேண்டிய இடம் அது, பெரும்பாலும் 8 முதல் 10 செ.மீ. ‘கண்தொலைவு’ போதும். இதைக் குறைத்து வைத்துப் பொருத்தினால், துப்பாக்கி உதைக்கும்போது குறிநோக்கியின் விளிம்பு புருவத்தில் பிறை போட்டுவிடும்.

பக்கவாட்டுத் திருத்தத்துக்கு (windage) ‘காற்றுத் திருத்தம்’ வேண்டாம். காற்றே இல்லாத நாளிலும் அந்தக் குமிழைத் திருப்பத்தான் வேண்டும். பக்கக் குமிழ், உயரக் குமிழ் என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

இழை சாயாமல் வைப்பதற்குச் ‘சமன்படுத்தல்’ என்று எழுதியிருந்தேன். கொத்தனார் பேச்சில் ‘மட்டம் பார்த்தல்’ இருக்கும்போது அது எதற்கு? கருவியும் அதே ரசமட்டம்தான். முதலில் துப்பாக்கியை மட்டம் பார்த்து நிறுத்தி, தூரத்தில் ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டு, அதோடு நெட்டிழையை ஒட்டவைத்து, வளையத்தின் திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரே பக்கமாக இறுக்கினால் இழை கண்ணெதிரே சாயும். 3 பாகை சாய்ந்திருந்தால், உயரத்தில் 1 மீட்டர் திருத்தும்போது குண்டு பக்கவாட்டில் 5 செ.மீ. ஓடிவிடும்.

தலையை அசைத்தால் இழையும் குறிமேல் அசைவது போலத் தெரிவதற்குப் பாடநூலின் ‘இடமாறு தோற்றப்பிழை’ சரிதான், ஆனால் குமிழின் மேல் அச்சடிக்க நீளம். ‘தோற்றப்பிழை’ என்று குறுக்கலாமா?

கடைசியாக ஒன்று, இது எனக்கே தெளிவில்லை. ‘குறுக்கிழை’ என்று இவ்வளவு நேரம் எழுதிவந்தேன். பழைய கருவிகளில் சிலந்தி நூலையே இழுத்துக் கட்டினார்கள், அதனால் இழை பொருத்தம். இப்போது கண்ணாடியில் பொறிக்கிறார்கள், சிலவற்றில் இழையே கிடையாது, நடுவில் ஒரு புள்ளி மட்டும். அதையும் குறுக்கிழை என்றே சொல்லலாமா, வேறு சொல் தோன்றுகிறதா?