மறுமொழி: 'பைலட் எபிசோட்' - தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே,

வரவிருக்கும் அறிபுனை (சயின்ஸ் ஃபிக்‌ஷன்), மாயப்புனைவுத் (ஃபேன்டசி) தொடர்களைப் பற்றிய செய்திகளில் 'பைலட்' என்பதை 'முதல் பகுதி' என்று எழுதிவிடுகிறோம். 'விமானி அத்தியாயம்' என்பதைவிட மேல்தான், ஆனாலும் பிழை. பைலட் படப்பிடிப்பு முடிந்தது என்றால் தொடர் வருகிறது என்று பொருளல்ல. அலைவரிசை ஒரே ஒரு பகுதிக்குப் பணம் கொடுத்திருக்கிறது. எடுத்ததைப் போட்டுப் பார்த்த பிறகே மீதிக்கு உத்தரவு. 'முதல் பகுதி முடிந்தது' என்று படிக்கிறவர் இரண்டாம் பகுதிக்குக் காத்திருக்கத் தொடங்கிவிடுவார்.

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க அறிபுனைத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1964இல் எடுத்த பைலட்டை என்.பி.சி. அலைவரிசை ஏற்கவில்லை. 1965இல் இரண்டாவதாக ஒன்று எடுக்கச் சொன்னார்கள், அதுதான் தேறியது. ஆனால் 1966 செப்டம்பர் 8 அன்று முதலில் ஒளிபரப்பானது இந்த இரண்டுமே அல்ல. தேறிய பைலட் மூன்றாவது பகுதியாக வந்தது. இங்கே 'முதல் பகுதி' எது?

என் பரிந்துரை: வெள்ளோட்டம்.

--

> என் பரிந்துரை: வெள்ளோட்டம்.

சொல் அழகுதான், ஆனால் ஒரு தடை. தேரைச் செய்து முடித்த பிறகுதான் வெள்ளோட்டம் விடுவார்கள். பைலட்டிலோ தேரே இன்னும் இல்லை, ஒரு சக்கரம் மட்டும் இருக்கிறது. தவிர, மென்பொருள்காரர்கள் பீட்டாவுக்கு (வெளியிடுமுன் தரும் சோதனைப் பதிப்புக்கு) இதைப் புழங்குகிறார்கள்.

'பதப்பகுதி' எப்படி? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

--

'பதம்' என்றதும் சொல் என்ற பொருளும் நினைவுக்கு வரும். அகராதி பிரித்துக் காட்டலாம், தலைப்புச் செய்தி காட்டாது. 'முன்னோட்டம்' டிரெய்லருக்குப் போய்விட்டது, அதைத் தொட வேண்டாம். 'கன்னிப் பகுதி' முதன்மையைச் சொல்கிறது, நிராகரிக்கப்படலாம் என்பதைச் சொல்லவில்லை.

சக்கரத் தடைக்கு வருகிறேன். வெள்ளோட்டத்தில் தேர் சாய்ந்தால் அச்சைக் கழற்றிச் சரிசெய்வார்கள். எச்.பி.ஓ. அலைவரிசையின் மாயப்புனைவுத் தொடரான கேம் ஆஃப் த்ரோன்ஸுக்கு நடந்தது அதேதான்: 2009இல் எடுத்ததில் பெரும்பகுதியை 2010இல் திரும்ப எடுத்தார்கள், இரண்டு முக்கியப் பாத்திரங்களுக்கு நடிகைகளையே மாற்றினார்கள். 2011 ஏப்ரலில் மக்கள் பார்த்தது திருத்திய வடிவத்தை. 'வெள்ளோட்டத்தில் தட்டியது, திரும்ப எடுத்தார்கள்' என்று எழுதிப் பாருங்கள், விளக்கமே வேண்டாம். 'பதப்பகுதியில் தட்டியது' வாயில் நிற்கவில்லை.

பீட்டாவோடு மோதல் என்பதும் பெரிதல்ல. 'வெள்ளோட்டப் பதிப்பு' அங்கே, 'வெள்ளோட்டப் பகுதி' இங்கே.

--

சரி, பதத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் இரண்டு கூட்டுச்சொற்களையும் இப்போதே முடிவு செய்யாவிட்டால் பிறகு ஆளுக்கொன்றாக எழுதுவோம்.

ஒன்று, பைலட் இல்லாமலே முழுத் தொடருக்கு உத்தரவு கொடுப்பது. மாயப்புனைவில் இது கூடிவருவதற்குக் காரணம் செலவுதான். அரங்கு, உடை, கணினி வரைகலை உருவங்கள் எல்லாவற்றையும் ஒரே பகுதிக்காகச் செய்தால் அத்தனையும் அதன் தலையில் விழும். பத்துப் பகுதிக்குப் பங்கிட்டால் தாங்கும். கேம் ஆஃப் த்ரோன்ஸின் முன்கதையாக எச்.பி.ஓ. ஒரு வெள்ளோட்டத்தை எடுத்து முடித்து, 2019 அக்டோபரில் கைவிட்டது. அதே வேளையில் இன்னொரு முன்கதையான ஹவுஸ் ஆஃப் த டிராகனுக்கு வெள்ளோட்டமே கேட்காமல் பத்துப் பகுதிக்கு ஒப்புதல் கொடுத்தது. இதற்கு 'நேரொப்புதல்' போதும்.

இரண்டாவது, ஓடிக்கொண்டிருக்கும் தொடரின் ஒரு பகுதிக்குள்ளேயே புதுத் தொடரின் பாத்திரங்களை இறக்கிச் சோதிப்பது. 1968இல் ஸ்டார் ட்ரெக்கின் இரண்டாம் சீசன் கடைசிப் பகுதி அப்படித்தான்; புதுத் தொடர் பிறக்கவில்லை. ஆங்கிலத்தின் 'பேக்டோர் பைலட்'டை அப்படியே பெயர்த்து 'கொல்லைப்புற வெள்ளோட்டம்' என்கிறார் ஒருவர். அதில் ஏதோ தில்லுமுல்லு வாசனை அடிக்கிறது. 'ஒட்டு வெள்ளோட்டம்' என்போமே. ஒட்டுச்செடிபோல, வேர் பழைய மரத்தினுடையது.

--

'ஒட்டு' நன்று. தேர்தல் செய்திக்குப் பக்கத்தில் வந்தால் 'ஓட்டு' என்று அச்சுப்பிழை ஆகும், அதையும் சொல்லிவைக்கிறேன்.

சொற்பட்டியலுக்கு இப்படி அனுப்புகிறேன்:

வெள்ளோட்டம் / வெள்ளோட்டப் பகுதி: தொடருக்கு ஒப்புதல் தருமுன் சோதனைக்காக எடுக்கும் பகுதி. ஒளிபரப்பாகலாம், ஆகாமலும் போகலாம். முதல் பகுதியாக இருக்கவேண்டும் என்பதில்லை. வினை: வெள்ளோட்டம் எடுத்தல் ('விடுதல்' என்றால் வெளியிட்டதாகப் படும்).

நேரொப்புதலுடன் வந்த தொடரின் தொடக்கத்தை 'முதல் பகுதி' என்றே எழுதலாம். அங்கே வெள்ளோட்டம் என்று போட்டால், பழைய பிழையையே திருப்பிப் போட்டதாகும்.