சின்ன ரயில் பொட்டி கட்டும்போது சந்தித்த மனிதர்கள் – தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து அனுபவங்கள்

தருமபுரியிலிருந்து:

வெளிநாட்டு மாடல் ரயில் கோச் ஒன்றை வாங்கி நீலம் அடித்து, நம்ம ஊர் வண்டி என்று ஓட்ட எனக்கு மனசு ஒப்பவில்லை. சேலம்–பெங்களூரு பாதையில் நாம் ஏறி இறங்கிய ஐ.சி.எஃப். பொட்டியைத்தான் கட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஐ.சி.எஃப். என்பது பெரம்பூரிலுள்ள இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி; அந்தத் தொழிற்சாலை 1955இல் திறந்தது. இந்த வகைப் பொட்டி செய்வதை 2018இல் நிறுத்திவிட்டார்கள். ஓடுகிற பொட்டிகளும் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டு வருகின்றன. அளவெடுக்க நினைப்பவர்கள் இப்போதே எடுத்துவிடுங்கள்.

ஹெச்.ஓ. அளவில், அதாவது 87இல் ஒரு பங்காகக் கட்டுகிறேன். நிஜப் பொட்டியின் உடம்பு நீளம் 21,337 மி.மீ., அகலம் 3,245 மி.மீ. நமக்கு அது 245 நீளம், 37 அகலம் என்று வரும். இரண்டு போகிகளின் (பொட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்கள்) மையத்துக்கு நடுவே 170 மி.மீ. இடிப்பது தண்டவாளம்தான். நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; கணக்குப்படி 19 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளமோ 16.5 மி.மீ. தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு, உடம்பைச் சரியான அளவில் கட்டுவதுதான் நல்லது என்பது என் கருத்து. தண்டவாளத்துக்காக உடம்பை ஒடுக்கினால் பொட்டியின் முகமே மாறிவிடும்.

பக்கச் சுவருக்கு அரை மி.மீ. பிளாஸ்டிக் ஷீட். ஜன்னல் கம்பிக்கு ஒகேனக்கல் பக்கம் மீன் பிடிப்பவர்கள் வாங்குகிற தூண்டில் நரம்பு; இருப்பதிலேயே மெல்லியதாகக் கேட்டு வாங்கி, இழுத்துக் கட்டி ஒட்டினால் வளையாமல் நிற்கும். அவசர ஜன்னலில் கம்பி வராது, அதை மறக்காதீர்கள்.

நான் சொல்ல வந்தது போகி ஸ்பிரிங் கதை. ஐ.சி.எஃப். போகியில் சக்கர அச்சின் முனையைத் தாங்கும் ஒவ்வொரு அச்சுப் பெட்டிக்கும் இரு பக்கமும் ஒவ்வொரு சுருள் ஸ்பிரிங் இருக்கும். ஒரு போகிக்கு எட்டு, பொட்டிக்குப் பதினாறு. மோல்டில் வார்த்த பிளாஸ்டிக்கில் அது வெறும் வரி வரியாகத்தான் தெரியும். நிஜச் சுருளாக வேண்டும் என்று மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போனேன். 28 கேஜ் செம்புக் கம்பி கொஞ்சம் கேட்டதும், "எந்த மோட்டாருக்குங்க?" என்றார் கடைக்காரர். போனில் போகி படத்தைக் காட்டினேன். செய்துகொண்டிருந்த வேலையை ஓரமாக வைத்துவிட்டு, 2 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான முனையை எடுத்தார். கட்டை விரலால் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிட்டைத்தான் உருட்டினார். சுற்றோடு சுற்று ஒட்டி வந்தது. அப்புறம் அதைக் கழற்றி, இரண்டு சுற்றுக்கு நடுவே நகத்தை விட்டு ஒரே சீராகத் தள்ளிக்கொண்டே போனார். "கம்பிய இழுக்காதீங்க, இழுத்தா நடுவுல மட்டும் அகலும். தள்ளிவிடுங்க" என்றார். கம்பிக்குக் காசு வாங்கவில்லை. பொட்டி முடிந்ததும் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

காட்டப் போன அன்று அவருடைய மாமாவும் கடையில் இருந்தார். ரயில்வேயில் டி.எக்ஸ்.ஆர்., அதாவது வண்டிகளைச் சோதிக்கும் டிரெயின் எக்ஸாமினர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொட்டியைக் கையில் வாங்கியதும் பெயின்டைப் பார்க்கவில்லை, எழுத்தைப் பார்க்கவில்லை, நேரே கவிழ்த்தார். "பேட்டரி பாக்ஸ் இருக்கு. ஆல்டர்னேட்டர் இருக்கு, பெல்ட்டும் போட்டிருக்க. சரி" என்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். பிறகு மேஜையில் வைத்து, குனிந்து, கண்ணைச் சக்கரத்தின் மட்டத்துக்குக் கொண்டுபோய் மெதுவாக உருட்டினார். "வண்டி உள்ளே வர்றப்ப நாங்க இப்படித்தாம்பா பார்ப்போம். ஜன்னல்ல யார் உட்கார்ந்திருக்கான்னு எங்களுக்குத் தெரியாது."

அடுத்து என்ன கட்டுகிறாய் என்று கேட்டார். செங்கல் நிறப் பழைய பொட்டி என்றேன். "அப்ப கீழே வேக்வம் பிரேக் சிலிண்டர் வைக்கணும். ஏர் பிரேக் வந்த பிறகுதான் நீலம் அடிச்சாங்க. மேலே ஒரு காலம், கீழே ஒரு காலம் வெச்சுடாத" என்றார். ஒரு தாளில் சிலிண்டர் தொங்கும் இடத்தையும் குழாய் போகும் வழியையும் வரைந்து கொடுத்தார். எந்தப் புத்தகத்தைவிடவும் எனக்கு அந்தத் தாள் பெரிது. ரயில்வேயில் அடிப்பக்க வேலை பார்த்தவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். பொட்டியோடு போய் நில்லுங்கள், அவர்களே பேசுவார்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

அண்ணா, எங்கள் ஊரில் இன்றைக்கு ரயில் நிலையமே இல்லை. ஆனால் 1905இலேயே திருப்பத்தூரிலிருந்து இங்கே இரண்டரை அடிப் பாதை வந்தது. அடுத்த வருஷம் மொரப்பூர்–தருமபுரிப் பாதை. இரண்டும் பஞ்ச காலத்துக்காகப் போட்டவை, சுதந்திரத்துக்கு முன்பே பிடுங்கிவிட்டார்கள். நான் கட்டுவது அந்தச் சின்ன ரயிலின் பொட்டி.

கணக்கு இதில் அழகாகக் கூடி வருகிறது. இரண்டரை அடி என்றால் 762 மி.மீ.; 87ஆல் வகுத்தால் 8.8. 'என்' (N) ஸ்கேல் என்கிற இன்னும் சிறிய மாடலின் தண்டவாளம் 9 மி.மீ., அதையே போட்டுக்கொள்ளலாம். உங்களுக்கு இருக்கிற அகலத் தொல்லை எனக்கு இல்லை. மரப் பலகை உடம்புக்கு ஐவரி அட்டையை எடுத்து, மழுங்கிய ஊசியால் கீறிப் பலகை வரியைக் கொண்டுவருகிறேன். கத்தி வேண்டாம், அட்டை பிசிறு விடும்.

கட்டுவதற்குச் சமமான தளம் தேடி ஒரு கிரானைட் பட்டறையில் கழிவுத் துண்டு கேட்டேன். அங்கே பாலிஷ் போடும் பெரியவர் எதற்கென்று விசாரித்தார். சொன்னதும், "எங்க தாத்தா அந்த ரயில்ல திருப்பத்தூர் சந்தைக்குப் போவாராம்" என்று ஆரம்பித்துவிட்டார். பேசிக்கொண்டே நல்ல கறுப்புத் துண்டாகப் பொறுக்கி, ஓரம் கையைக் கிழிக்காதபடி தேய்த்துக் கொடுத்தார். நாலு சக்கரமும் தொடுகிறதா என்று அதன் மேல் வைத்துப் பார்த்தால் ஒரு தாள் இடைவெளிகூடத் தெரிந்துவிடும். நம் பக்கத்தில் இருப்பவர்கள் சமதளத்துக்கென்று கண்ணாடிக்குச் செலவு செய்யாதீர்கள்.

ஓசூரிலிருந்து:

எடையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே சார். அட்டையிலும் மெல்லிய பிளாஸ்டிக்கிலும் கட்டிய பொட்டி பூப்போல இருக்கும், வளைவில் தடம் புரளும். என்.எம்.ஆர்.ஏ. என்கிற அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் கணக்குப்படி ஹெச்.ஓ. பொட்டிக்கு ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். உங்கள் 245 மி.மீ. பொட்டிக்கு ஏறக்குறைய 165 கிராம் வரும்.

ஹைவே ஓரத்து வீல் அலைன்மென்ட் கடையில், டயரிலிருந்து கழற்றிப் போட்ட ஒட்டு எடைகளைக் கேட்டேன். கடைப் பையன் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தான். இரண்டு நாள் கழித்து அவனே போன் பண்ணி, "அண்ணா, ரயில் ஓடுதா?" என்றான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லி கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். இப்போது எடை ஒட்டுகிற வேலை அவனுடையது. போகிகளுக்கு மேலே பாதியும் நடுவில் மீதியும், கூடியவரை தரையோடு ஒட்டியபடி வைக்கிறோம். கூரையில் வைத்தால் பொட்டி ஆடும்.

தருமபுரியிலிருந்து:

எடைக் கணக்குக்கு நன்றி சார், செங்கல் நிறப் பொட்டியில் அப்படியே வைக்கிறேன். கிருஷ்ணகிரித் தம்பி, உங்கள் பொட்டி முடிந்ததும் சொல்லுங்கள். டி.எக்ஸ்.ஆர். ஐயா சின்ன ரயில் போகியைப் பார்க்க வேண்டுமாம், நானே அழைத்து வருகிறேன். அவர் வரைந்த தாளைப் படம் எடுத்து அடுத்த பதிவில் போடுகிறேன்.