வண்டி ஏறாத குதிரை: அடக்குவதா, பழக்குவதா?

லாயக்காரன்: ஆடி வருது, அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரை ஏத்துற நேரம். வண்டியில ஏறுற சாய்வுப் பலகை முன்னால கல்லு மாதிரி நிக்கிற மார்வாரி ஜாதிக் குதிரையை என்ன பண்றதுன்னு இங்க கேட்டிருந்தாங்க. தலைவன் யாருன்னு அதுக்கு முதல்ல தெரியணும். 50 அடி வட்ட வேலிக்குள்ள விட்டு ஓட்டுங்க. தலை தாழ்த்தி வாயைச் சப்புச்சுன்னா பணிஞ்சிடுச்சு. அப்புறம் தானா ஏறும்.

கொள்ளுப்பை: அண்ணே, வாய் சப்புறது பணிவு இல்லை. பதற்றம் இறங்கும்போது வர்றது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆளுக்குப் பதிலா ரிமோட் காரை வட்டத்துக்குள்ள விட்டுப் பார்த்தாங்க. குதிரை பக்கம் திரும்பினதும் விரட்டுறதை நிறுத்தினாங்க. குதிரைங்க காரை நோக்கி வரவே கத்துக்கிச்சு. பொம்மைக் காரா அதுக்குத் தலைவன்? தொந்தரவு எப்ப நிக்குதுங்கிறதுதான் அதுக்குப் பாடம்.

லாயக்காரன்: படிப்பு சரி தம்பி. முன்னூறு, நானூறு கிலோ உடம்பு உங்க மேல சாயும்போது கொள்ளு நீட்டிக்கிட்டு நிப்பீங்களா? கையில தின்னு பழகுனது நாளைக்குக் கடிக்கும்.

கொள்ளுப்பை: கடிக்கும், மறுக்கல. அதனால கொள்ளை வண்டிக்குள்ள வாளியில வைக்கணும், கையில இல்ல. மேல சாயுற குதிரையை வண்டிகிட்டயே கொண்டு போகக்கூடாது. முதல்ல சமதரையில 12 அடிக் கயிறோட வேலை. இடது தோள்பக்கம் நின்னு கயிறை மெல்ல இறுக்குங்க. உடம்பு ஒரு விரக்கடை முன்னால சாஞ்சாலும் அந்த நொடியே தளர்த்தணும். ரெண்டு நொடி கழிச்சுத் தளர்த்தினா, அதுக்குள்ள அது தலையைத் தூக்கியிருக்கும். தலை தூக்கினதுக்குப் பரிசு கிடைச்ச மாதிரி ஆயிடும். அதே மாதிரி பின்னால நடக்கவும் பழக்கணும். ஏறத் தெரிஞ்சு இறங்கத் தெரியாத குதிரை உள்ள போனதும் மிரண்டு பின்னால பாயும்.

ஊசிமருந்து: இடையில ஒரு வார்த்தை. நேத்து வரைக்கும் ஏறினது இன்னைக்கு மறுத்தா முதல்ல குளம்பு, முதுகு, பல் பாருங்க. வலியில நிக்கிறதை யாரும் அடம்னு அடிக்காதீங்க. நாலு பேர் கயிறைப் பிடிச்சு இழுக்கிறதும் வேண்டாம். காதுக்குப் பின்னால அழுத்தம் ஏறினா தலையைத் தூக்கி முன்னங்கால் கிளப்பும். பின்னால மல்லாந்து விழுந்தா மண்டை உடையும். கயிறைக் கையில சுத்துறவங்க விரலை இழப்பாங்க.

லாயக்காரன்: இழுக்கச் சொல்லல டாக்டர். குச்சி வேணும்ங்கிறேன்.

கொள்ளுப்பை: குச்சி இருக்கட்டும். அடிக்காம இடுப்புப் பக்கம் ஒரே தாளத்துல தட்டணும், கால் எடுத்ததும் நிறுத்தணும். பின்னால போகும்போது பயந்து நிறுத்திட்டீங்கன்னா பின்வாங்கக் கத்துக் கொடுத்ததுதான். அதை விட முக்கியம் பலகை. அடியில காலியா இருந்தா டம்முனு சத்தம் வரும். வெயில்ல இருந்து இருட்டுக்குள்ள பார்வை பழக நேரமாகும். வண்டியை மேட்டு ஓரமா நிறுத்துங்க, தளம் மேட்டோட சமமா வரும். மேல ரப்பர் பாய், பின்கதவு முழுசாத் திறப்பு. முன்னங்கால் ரெண்டும் ஏறினா அன்னைக்கு அது போதும். 15 நிமிஷத்துல நிறுத்துங்க.

லாயக்காரன்: மேட்டு ஓரம் ஒத்துக்கிறேன். எங்க பக்கம் அப்படித்தான் ஏத்துறது. ஆனா சந்தைக்கு ரெண்டு நாள் இருக்கையில உங்க 15 நிமிஷக் கணக்கு ஆகாது.

கொள்ளுப்பை: ரெண்டு நாள்தான் இருந்தா இந்த வருஷம் அதைக் கூட்டிட்டுப் போகாதீங்க அண்ணே.