தோட்டத்து வீட்டு உறவுகள் குழு: நிவேதாவின் மேற்படிப்பு

அப்பா, காலை 7:10
அனைவருக்கும் வணக்கம். நிவேதாவின் உளவியல் இளங்கலைப் படிப்பு ஏப்ரலில் முடிகிறது. அடுத்ததாகப் பேச்சு, மொழிச் சிகிச்சையில் முதுகலை படிக்க வேண்டும் என்கிறாள். அதற்கு என்னென்ன தகுதி கேட்பார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு தெரிந்தால், திங்கட்கிழமை வங்கி மேலாளரைப் பார்த்துவிடுவேன்.

கார்த்தி அண்ணன், காலை 7:16
சித்தப்பா, மைசூரில் அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனம் இருக்கிறது. 1965-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். பெங்களூரிலிருந்து நானும் அடிக்கடி போய்ப் பார்த்துக்கொள்வேன்.

நிவேதா, காலை 7:21
அண்ணா, அங்கே முதுகலையில் சேர வேண்டுமென்றால் பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற, பேச்சு, கேட்டல் துறைக்கான நான்காண்டு இளங்கலையை முடித்திருக்க வேண்டும். உளவியல் படித்தவர்களுக்கு அந்த வழி கிடையாது. நான் முதலாண்டில் இருந்து மறுபடி தொடங்கினால்தான் உண்டு.

பெரியப்பா, காலை 7:34
பிளஸ் டூ முடித்த அன்றே நான் கேட்டேன், 'அவசரப்பட்டு உளவியலில் சேர்க்கிறாயே' என்று. யாரும் என் பேச்சைக் கேட்கவில்லை.

அப்பா, காலை 7:35
அண்ணா, அதை இப்போது பேசி என்ன பயன்?

சித்தி, காலை 7:40
எனக்கு ஒன்று புரியவில்லை. குழந்தைக்குப் பேசச் சொல்லிக்கொடுக்க எதற்கு முதுகலை? நம் வீட்டில் எல்லாரும் யாரிடம் படித்துப் பேசினோம்?

அத்தை டாலஸ், காலை 7:58
வணக்கம். இங்கே இரவு ஆகிவிட்டது, ஆனாலும் இதற்குப் பதில் சொல்லாமல் படுக்க முடியாது. இந்தியாவில் இளங்கலையிலேயே தொழிலுக்குள் நுழைகிறார்கள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தும் கொள்கிறார்கள். அமெரிக்காவில் முதுகலைதான் நுழைவாயில், அது இல்லாமல் யாரும் முழுமையான சிகிச்சையாளராக முடியாது. ஆனால் அந்த முதுகலைக்கு வருகிறவர் இளங்கலையில் இதையேதான் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. நான் பி.காம். படித்தவள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் நிவேதாவுக்கு இங்கே ஒரு வழி உண்டு, சுற்று வழிதான் என்றாலும்.

கார்த்தி அண்ணன், காலை 8:01
அத்தை, அங்கே டாக்டர் பட்டம் வரை படிக்க வேண்டும் என்று என் நண்பன் சொன்னானே?

அத்தை டாலஸ், காலை 8:09
அது செவித்திறன் துறைக்கு, கார்த்தி. பேச்சுக்கு முதுகலை போதும், ஏறத்தாழ இரண்டு ஆண்டு. அதற்கு முன்னால் இருப்பதுதான் சிக்கல். ஆஷா சான்றிதழுக்கு உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக அறிவியல் ஆகியவற்றைக் கல்லூரி அளவில் தனித்தனிப் பாடமாகப் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் படித்ததைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். புள்ளியியலும் சமூக அறிவியலும் நிவேதாவின் பட்டத்திலேயே வந்துவிடும் என்று நினைக்கிறேன், மற்ற இரண்டும் பாக்கி. இவை தவிர ஒலியியல், பேச்சுறுப்புகளின் உடற்கூறு, குழந்தைகளின் மொழி வளர்ச்சி, செவித்திறன் அறிமுகம் போன்ற முன்பாடங்களைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கேட்கும். அதற்கே ஓராண்டு போய்விடும்.

பெரியப்பா, காலை 8:12
ஆஷா என்பவர் யார்?

அத்தை டாலஸ், காலை 8:14
பெண் இல்லை, பெரிய அண்ணா. அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கத்தின் சுருக்கப் பெயர். 1925-இல் தொடங்கியது.

நிவேதா, காலை 8:20
அத்தை, என்னுடையது மூன்றாண்டுப் பட்டம். அதை ஏற்றுக்கொள்வார்களா?

அத்தை டாலஸ், காலை 8:31
கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாய். சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும், பல இடங்களில் நான்காண்டு வேண்டும் என்பார்கள். மதிப்பெண் பட்டியலை மதிப்பீட்டுக்கு அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிய பிறகுதான் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டும். எனக்கு ஓராண்டுப் பாடத்தைக் கூடுதலாகப் படிக்கச் சொன்னார்கள். 'கல்யாணமாகிப் போன பிறகு என்ன படிப்பு' என்று அப்போது தொலைபேசியில் கேட்டவர் இந்தக் குழுவிலேயே இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன்.

சித்தப்பா, காலை 8:33
பெயர் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

பெரியப்பா, காலை 8:40
ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கி விழுந்த கதையைத் திண்ணையில் உட்கார வைத்து உனக்கு நூறு முறை சொல்ல வைத்தவனும் நான்தான். அதையும் சேர்த்து எழுது.

அத்தை டாலஸ், காலை 8:52
எழுதுகிறேன், அண்ணா. ஒலியியல் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியதே அந்த ழகரத்தால்தான். இப்போது என் பள்ளியில் ஏழு வயதுப் பையன் ஒருவன் ஆங்கில ரகரத்தை வகரம் போலச் சொல்கிறான். நாக்கு நுனியை மேலே வளைத்து, அண்ணத்தைத் தொடாமல் நிறுத்தச் சொன்னால், அவனுக்கு அந்த ஒலி பிடிபடுகிறது. அது ஏறக்குறைய நம் ழகரம் பிறக்கும் இடம். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் 'பழம்' என்று அழகாகச் சொல்கிறான்.

அப்பா, காலை 8:55
நல்லது. படிப்புக்குள் வேறு என்ன கேட்பார்கள்?

அத்தை டாலஸ், காலை 9:11
400 மணி நேர மருத்துவப் பயிற்சி. அதில் 25 மணி நேரம் பிறர் சிகிச்சை தருவதை வழிகாட்டலோடு கவனிப்பது, மீதி 375 மணி நேரம் நாமே நோயாளியோடு இருப்பது. அந்த 375-இல் 325 முதுகலையின்போதே முடித்திருக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. குழந்தை வராவிட்டால் அன்றைய கணக்கு பூஜ்யம். பதினைந்து நிமிடம் அழுதுவிட்டுப் பதினைந்து நிமிடம் பயிற்சி செய்த பிள்ளைக்கு எவ்வளவு எழுதுவது என்று மேற்பார்வையாளரிடம் நின்றிருக்கிறேன். அதற்குப் பிறகு பிராக்சிஸ் என்ற துறைத் தேர்வு, 162 வாங்கினால் தேர்ச்சி. பிறகு மூத்த சிகிச்சையாளரின் கீழ் குறைந்தது 36 வாரம், 1,260 மணி நேர வேலை. மாணவர் விசாவில் வருகிறவர்களுக்குப் படிப்பு முடிந்ததும் 12 மாத வேலை அனுமதி கிடைக்கும், அதற்குள் இதை முடித்துவிடலாம். அதன் பிறகு மாநில உரிமம், வேலை தருகிறவர் விசாவுக்கு முன்வருவது எல்லாம் தனிக் கதை.

சித்தி, காலை 9:15
அண்ணி, கோபித்துக்கொள்ளாதீர்கள். நாக்கை வளைப்பதற்கு இயற்பியலும் உயிரியலும் எதற்கு என்று இன்னும் சொல்லவில்லை.

அத்தை டாலஸ், காலை 9:29
ஒலி என்பதே இயற்பியல்தான், சுமதி. உயிரியல் எதற்கென்றால், இந்தப் படிப்பில் பாதி பேச்சு என்றால் மீதியில் பெரும் பங்கு விழுங்குதல். காற்றும் உணவும் தொண்டை வரை ஒரே வழியில் வருகின்றன, அங்கே வழி பிரிகிறது. விழுங்கும்போது மூச்சுக்குழாயை மூடும் கதவு, பக்கவாதம் வந்தவர்களுக்குச் சரியாக மூடாமல், தண்ணீரும் காபியும் நுரையீரலுக்குள் போகலாம். அப்பா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காபி குடிக்கும்போது புரை ஏறியது நினைவிருக்கிறதா? அம்மா அவர் உச்சந்தலையில் தட்டி, 'டாலஸில் மகள் நினைக்கிறாள்' என்று சொன்னதை வீடியோவில் பார்த்து நானும் சிரித்தேன். அப்போது நான் இந்தப் படிப்பில் சேரவில்லை. அடுத்த வாரம் நிமோனியா என்றார்கள்.

சித்தி, காலை 9:31
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தப்பா, காலை 9:33
அக்கா, காபி கொடுத்தது யார் என்ற பேச்சை இங்கே மீண்டும் தொடங்க வேண்டாம்.

அத்தை டாலஸ், காலை 9:36
நான் யாரையும் சொல்லவில்லை, தம்பி. அன்று அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மருத்துவமனையிலும் யாரும் விழுங்கும் திறனைச் சோதிக்கவில்லை.

பெரியப்பா, காலை 9:44
சரி, படிப்புக்கு வருவோம். இங்கே முதலிலிருந்து தொடங்கினால் நான்காண்டு, செலவு குறைவு, பிள்ளை கண்ணெதிரே இருப்பாள். அங்கே போனாலும் முன்பாடம் ஓராண்டு, முதுகலை இரண்டு, பயிற்சி வேலை ஏறக்குறைய ஒன்று. கூட்டிப் பார்த்தால் அதுவும் நான்குதான். பிறகு எதற்குக் கடல் தாண்ட வேண்டும்?

நிவேதா, காலை 9:47
அங்கே நான்காண்டு முடிவில் முதுகலை கையில் இருக்கும், பெரியப்பா. இங்கே இளங்கலைதான் இருக்கும்.

கார்த்தி அண்ணன், காலை 9:48
தோட்டத்துப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்குவதாக இருந்தால், அதில் மூன்று பேர் கையெழுத்து வேண்டும் என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

அப்பா, காலை 9:50
அதை நேரில் பேசிக்கொள்ளலாம். முதலில் மதிப்பெண் பட்டியலை மதிப்பீட்டுக்கு அனுப்புவோம்.

சித்தி, காலை 10:05
அண்ணி, ஒன்று கேட்கிறேன். தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்க ஒரு மாவு உண்டு என்று ஒருமுறை சொன்னீர்களே, அதன் பெயர் என்ன? அத்தைக்கு நேற்றும் இன்றும் மோர் குடிக்கும்போது புரை ஏறியது. நான் தலையில் தட்டவில்லை.

அத்தை டாலஸ், காலை 10:07
பார்க்காமல் அந்த மாவைக் கொடுக்கக் கூடாது, சுமதி. அம்மாவை நிமிர்ந்து உட்கார வை, இப்போதைக்குக் குடிக்க எதுவும் கொடுக்காதே. காய்ச்சல், மூச்சிரைப்பு இருக்கிறதா என்று பார். இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். நான் வீடியோவில் வருகிறேன், நிவேதாவையும் பக்கத்தில் இருக்கச் சொல்.

நிவேதா, காலை 10:07
கிளம்பிவிட்டேன், அத்தை.

அப்பா, காலை 10:31
அப்படியானால் திங்கட்கிழமை வங்கிக்குப் போகட்டுமா, வேண்டாமா?