டீக்கடை பிரான்சைஸ்: ஊழியருக்கு அடிபட்டால் பொறுப்பு கம்பெனிக்கா, கடைக்காரருக்கா?

சரவணம்பட்டி டீ:
கோவையில் ஒரு டீ பிராண்டின் கடையை எடுத்து நடத்துகிறேன், பெயர் வேண்டாம். 8 பேரோடு ஓடிக்கொண்டிருந்த கடை. ஐடி கூட்டம் வருது, இரவு 12 மணி வரை திறந்து வைக்கணும் என்று கம்பெனி சொன்னதால் இன்னும் 3 பேரைச் சேர்த்தேன். போன வாரம் டீ மாஸ்டர் கையில் கொதிக்கிற பால் கொட்டி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோச்சு. தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன், பில் என் தலையில். கம்பெனிக்குச் சொன்னால் "ஊழியர்கள் உங்கள் ஆட்கள், அக்ரிமென்ட்டைப் பாருங்க" என்று ஒரு வரி மெயில், அவ்வளவுதான். ஆனால் யூனிஃபார்ம் அவங்க சொன்னது, ஷிஃப்ட் அவங்க போட்டது, கடை கேமரா அவங்க ஆபீஸில் ஓடுது, கல்லாவில் இருந்த பையனை நிறுத்தச் சொன்னதும் அவங்க ஏரியா மேனேஜர்தான். அதிகாரமெல்லாம் அங்கே, செலவு மட்டும் இங்கேயா? சட்டப்படி யார் சார் முதலாளி?

திருப்பூர் பிஎஃப் கன்சல்டன்ட்:
கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், நீங்கள்தான். சம்பளம் யார் கணக்கிலிருந்து போகுது, வேலைக்கு எடுத்தது யார் என்றுதான் எந்த அதிகாரியும் முதலில் கேட்பார். கம்பெனியோடு நீங்கள் போட்ட அக்ரிமென்ட் உங்கள் இருவருக்குள்; மாஸ்டரும் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) ஆபீஸும் அதில் கையெழுத்துப் போடவில்லை.

10 பேர் ஆன அன்றே கடை ஈஎஸ்ஐக்குள் வந்துவிட்டது. பார்ட் டைம் ஆளும் கணக்கில் சேர்த்தி, அப்புறம் ஆள் குறைந்தாலும் வெளியே வர முடியாது. மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கு உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர் பங்கு 0.75. 14,000 சம்பளம் என்றால் உங்களுக்கு 455 ரூபாய், அவருக்கு 105. கட்டியிருந்தால் வைத்தியம் ஈஎஸ்ஐ பொறுப்பு, வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதமும் அவருக்குக் கிடைக்கும். பதிவு செய்யாவிட்டால் பழைய பாக்கியை வட்டியோடு கேட்பார்கள், அவருக்குக் கொடுத்த பணத்தையும் உங்களிடமே வசூலிக்கலாம். உடனே பதிவு பண்ணுங்க, விபத்தையும் எழுதிக் கொடுங்க. தயவுசெய்து தேதியை மட்டும் மாற்றி எழுதாதீங்க, அதைச் செய்யச் சொல்லும் ஏஜென்ட் கண்டிப்பாக வருவார்.

இன்னொரு கடை வைத்திருக்கிறீர்களா? பிஎஃப்புக்கு வரம்பு 20 பேர், ஒரே முதலாளியின் கிளைகளைச் சேர்த்துத்தான் எண்ணுவார்கள்.

பழைய ஏரியா மேனேஜர்:
அந்தப் பக்கம் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். உங்களுடையது ஃபோஃபோ மாடல், அதாவது கடையும் உங்களது, நடத்துவதும் நீங்கள். ஃபோகோ என்றால் முதலீடு உங்களது, ஆட்களை வைத்து நடத்துவது கம்பெனி. அங்கே ஊழியர் கம்பெனி ஆள். கொடுமை என்னவென்றால் பேப்பரில் ஃபோஃபோ, நடப்பில் பாதி ஃபோகோ. நாங்கள் வாட்ஸ்ஆப்பில் "அந்தப் பையன் வேண்டாம்" என்று போடுவோம், நிறுத்தும் கடிதத்தில் கடைக்காரர் கையெழுத்துப் போடுவார். வழக்கு வந்தால் அந்தக் கையெழுத்துதான் நிற்கும்.

மெல்பர்ன் தமிழன்:
ஆஸ்திரேலியாவில் இதே கதை பெரிதாக வெடித்தது, 2015-ல். செவன் இலெவன் என்ற பிரான்சைஸ் கடைகளில் வேலை பார்த்தவர்களில் நிறைய பேர் வெளிநாட்டு மாணவர்கள், நம் ஊர்ப் பிள்ளைகள் உட்பட. அப்போது விசாவில் இரண்டு வாரத்துக்கு 40 மணி நேரம்தான் அனுமதி. அதற்கு மேல் வேலை வாங்கிவிட்டு, கணக்கில் பாதி நேரத்தை மட்டும் எழுதுவார்கள், கேட்டால் விசா போய்விடும் என்ற மிரட்டல். சில கடைகளில் சரியான சம்பளத்தை வங்கியில் போட்டுவிட்டு ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பி வாங்கினார்கள். சம்பளப் பட்டியலைப் போட்டது தலைமை அலுவலகம், ஆனால் எங்களுக்குத் தெரியாது என்ற பேச்சு. கடைசியில் 15 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தார்கள். 2017-ல் சட்டத்தையே திருத்தினார்கள்: கடை விவகாரங்களில் கணிசமான பிடி வைத்திருக்கும் பிராண்ட், சம்பள மோசடி நடப்பது தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், தடுக்க நியாயமான முயற்சி எடுக்காவிட்டால் அதுவும் பொறுப்பு. இந்தியாவில் அப்படி ஏதும் உண்டா?

திருப்பூர் பிஎஃப் கன்சல்டன்ட்:
பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே இங்கே கிடையாது. கிட்டத்தில் வருவது 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஏர் இந்தியா கேன்டீன் வழக்கு; நாங்களும் ஏர் இந்தியா ஊழியர்கள்தான் என்று கேன்டீனில் வேலை பார்த்தவர்கள் கேட்டார்கள். யார் நியமிக்கிறார், யார் சம்பளம் தருகிறார், யார் நீக்க முடியும், யார் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பார், வேலை தொடர்ச்சி, கட்டுப்பாடு எவ்வளவு என்று பார்த்து, மேற்பார்வை மட்டும் போதாது, முழுமையான கட்டுப்பாடு வேண்டும் என்று சொல்லி ஊழியர்கள் தோற்றார்கள். யூனிஃபார்மும் கேமராவும் வைத்துக் கம்பெனியை இழுப்பது கஷ்டம்தான். ஆளை நீக்கச் சொன்ன மெசேஜ் கொஞ்சம் கனமானது, அழிக்காமல் வையுங்க.

சரவணம்பட்டி டீ:
பதிவுக்கு ஆடிட்டரிடம் இன்றைக்கே பேசிவிட்டேன். அக்ரிமென்ட் ஏப்ரலில் புதுப்பிக்கணும், அப்போது என்ன கேட்கலாம்?

பழைய ஏரியா மேனேஜர்:
பொறுப்பை அவங்க ஏத்துக்கச் சொன்னால் சிரிப்பாங்க. நேரத்தைக் கூட்டச் சொன்னால் அந்தக் கூடுதல் ஆள் செலவை ராயல்டியில் (பிராண்டுக்காக நீங்கள் கம்பெனிக்குக் கட்டும் தொகை) கழிக்கணும், ஆளை நீக்கச் சொன்னால் எழுத்தில் தரணும், இந்த இரண்டையும் கேளுங்க. இரண்டாவதுக்குத்தான் ரொம்பத் தயங்குவாங்க. அப்புறம் எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுத்துவிடுங்க, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டங்களில் அது கட்டாயம்.