கலைச்சொல்: ஃபேக்டர், ரெஸ்பான்ஸ், லெவல், ரன் (வெள்ளிக்குள் முடிவு தேவை)

க. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சோதனை வடிவமைப்புக்கான புள்ளியியல் மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கி வருகிறோம். வெள்ளி மாலைக்குள் சரங்களை (திரையில் தோன்றும் சொற்றொடர்களை) ஒப்படைக்க வேண்டும். திங்களன்று அதை வைத்துத்தான் சாயத்தொழில் மாணவர்களுக்கு முதல் வகுப்பு. நான்கு சொற்களில் வேலை நின்றுவிட்டது: ஃபேக்டர் (நாம் மாற்றிப் பார்ப்பது), லெவல் (அதற்குத் தரும் மதிப்பு), ரெஸ்பான்ஸ் (அளப்பது), ரன் (ஒரு தடவை செய்யும் சோதனை).

வகுப்பில் செய்யப்போவது பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும் பயிற்சி. வெப்பநிலை 50, 70 டிகிரி; உப்பு லிட்டருக்கு 40, 80 கிராம்; சோடா ஆஷ் லிட்டருக்கு 10, 20 கிராம். துணிக்கும் நீருக்கும் உள்ள விகிதம் எப்போதும் 1:10. அளக்கப்போவது இரண்டு: துணியில் ஏறிய நிறத்தின் ஆழம், அலசிய நீரில் மிஞ்சிய சாயம். அளப்பதை ஒரு பெட்டியிலும் மாற்றுவதை இன்னொரு பெட்டியிலும் நிரப்பினால் மென்பொருள் எட்டு வரி (2×2×2) கொண்ட சோதனை அட்டவணையைத் தரும். வரைவில் 'காரணி', 'மட்டம்', 'விளைவு', 'ஓட்டம்' என்று போட்டிருக்கிறேன். 'விளைவு' மட்டும் உறுத்துகிறது.

வே. எழுதியது:

எனக்கு உறுத்துவது 'காரணி'. காரணம் வடசொல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். 12-இன் பகாக் காரணிகள் 2, 3 என்று ஆறாம் வகுப்பிலேயே படித்த பிள்ளைக்கு, உப்பும் ஒரு காரணி என்றால் எதை வகுக்கிறது என்றுதானே தோன்றும்?

நம்மிடம் பழைய சொல் இருக்கிறது. தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியலில் ஒரு தொழில் நடக்கத் தேவையானவை எட்டு என்று எண்ணிச் சொல்கிறது: வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன். இவற்றுக்கு அது தரும் பெயர் 'தொழில்முதனிலை'. சாயமேற்றுவது ஒரு தொழில். உப்பும் சூடும் அதன் முதனிலைகள். கடைசியில் வரும் 'பயன்' ரெஸ்பான்ஸுக்கு அப்படியே பொருந்துகிறது. இரண்டு சொல்லும் ஒரே நூற்பாவில் கிடைக்கும்போது ஏன் வெளியே தேட வேண்டும்?

ந. எழுதியது:

வே. ஐயா, நூற்பாவை நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால் அந்த எட்டையும் சோதனைக்காரர் மாற்றிப் பார்ப்பதில்லை. வினையே ஒரு முதனிலை என்கிறது நூற்பா. நமக்கு வினை மாறாதது, அதன் சூழ்நிலைதான் மாறுகிறது. இன்னொன்று, 'முதனிலைத் தேர்வு' என்பதுதான் இன்று எல்லோர் காதிலும் விழுவது. 'முதனிலை' என்றால் முதற்கட்டம் என்றே மாணவர் எடுத்துக்கொள்வார். லெவலுக்கு 'நிலை' என்று வைத்தால் 'முதனிலையின் இரண்டு நிலைகள்' என்று எழுத நேரும்.

காரணம் வடசொல்லாகவே இருக்கட்டும். 'இலர்பல ராகிய காரணம்' என்று வள்ளுவர் ஆண்ட சொல்தானே?

'பயன்' வேண்டாம் என்பதற்குத் தொழில்முறைக் காரணமே உண்டு. அலசிய நீரில் மிஞ்சும் சாயம் யாருக்கும் பயன் அல்ல. ஜேஎம்பி போன்ற மென்பொருளில் அளக்கப்படும் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கு கேட்கும்: மிகுதியாக்கு, குறைவாக்கு, குறித்த மதிப்புக்குப் பொருத்து, இலக்கில்லை. நாம் தொடாவிட்டால் 'மிகுதியாக்கு' என்றே நிற்கும். மாணவர் 'பயன்' என்று படித்துவிட்டு அதை அப்படியே விட்டால், கடைசியில் கழிவுநீரை அதிகம் கறையாக்கும் அமைப்பைத்தான் 'சிறந்தது' என்று மென்பொருள் காட்டும். நிறத்தின் ஆழத்துக்கு மிகுதியாக்கு, மிஞ்சிய சாயத்துக்குக் குறைவாக்கு. சொல்லே ஒரு பக்கம் சாயக்கூடாது.

'விளைவு' உறுத்துவதும் சரிதான். அதை எஃபெக்டுக்கு, அதாவது ஒரு காரணியை மாற்றுவதால் வரும் வேறுபாட்டுக்கு, வைத்திருக்க வேண்டும். உப்பு 80 கிராமில் சாயமேற்றிய நான்கு துணிகளின் சராசரி ஆழம் 12, 40 கிராமில் சாயமேற்றிய நான்கின் சராசரி 9 என்று வையுங்கள். உப்பின் விளைவு 3. 12-ம் 9-ம் விளைவு அல்ல, அளந்தவற்றின் சராசரி. இரண்டுக்கும் ஒரே சொல்லானால் அறிக்கையைப் படிக்கவே முடியாது.

யா. எழுதியது:

உயிரியலில் தூண்டல்–துலங்கல் என்று ஏற்கெனவே இருக்கிறதே. ரெஸ்பான்ஸ் துலங்கல்தான். 'மறுமொழி' என்றால் கருத்துக்கணிப்பில் ஆட்கள் சொன்ன பதில் என்றாகிவிடும்.

'மட்டம்' எங்களுக்குப் பழகிய சொல், நீர்மட்டம் கடல்மட்டம் போல. அதையே வையுங்கள்.

வே. எழுதியது:

துலங்கல் உயிருள்ளவைக்கு உரியது. தொட்டால் சிணுங்குவது தொட்டாற்சுருங்கி, துணி அல்ல. ஆனாலும் அந்தச் சொல் என்னை இழுக்கிறது. துலங்கு என்றால் ஒளிர், தெளிவாகு. 'அவன் தொட்டது துலங்கும்' என்கிறோம். துளங்கு வேறு, அது அசைவது, நடுங்குவது. ஆனால் உப்பைக் கூட்டினால் நிறம் அசைகிறது, அசைந்த பிறகே உண்மை துலங்குகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கக்கூடுமா என்று…

ந. எழுதியது:

ஐயா, வேர் ஆராய்ச்சியைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமே. 'தொட்டது துலங்கும்' ஒன்றே போதும். வகுப்பில் ஒரே மூச்சில் விளங்கவைக்கலாம். நான் துலங்கலுக்கு.

யா., மட்டத்தில் ஒரு சிக்கல். நான்காவது காரணியாக உப்பின் வகையைச் சேர்க்கிறோம் என்று வையுங்கள்: சாதா உப்பு, கிளாபர் உப்பு. இரண்டில் எது மேல் மட்டம்? எதுவுமில்லை. இங்கே 'மட்டமான உப்பு' என்றால் தரம் குறைந்தது என்றும் பொருள். 'நிலை' இரண்டு இடத்திலும் நிற்கும்.

ம. எழுதியது:

நிரல் பக்கத்திலிருந்து. இடைமுகத்தில் '%s காரணி' என்று ஒரே சரம் இருக்கிறது; %s இருக்கும் இடத்தில் காரணியின் வகையைச் சொல்லும் சொல்லை நிரல் நிரப்பும். 'தொடர்' வந்தால் 'தொடர் காரணி', சரி. 'வகை' வந்தால் 'வகை காரணி' என்று ஒற்று இல்லாமல் நிற்கும். 'வகைக் காரணி' என்று வர வேண்டும். ஒட்டுவதை நிறுத்திவிட்டு முழுச்சொற்களாகத் தனித்தனிச் சரம் கேட்டிருக்கிறேன். எந்தச் சொல்லை முடிவு செய்தாலும் இது பொருந்தும்.

இன்னொன்று: புள்ளியியலுக்கான ஆர் (R) நிரல்மொழியில் ஃபேக்டர் ஒரு தரவு வகையின் பெயர். அங்கே 50, 60, 70 என்ற பத்தியை அந்த வகையாக்கிவிட்டு நேரே எண்ணாக மாற்றினால் 1, 2, 3 என்றுதான் வரும். முதலில் எழுத்துச்சரமாக்கி, பிறகு எண்ணாக்க வேண்டும். மாற்றாமல் எண்ணாகவே விட்டால் மூன்று நிலைகளுக்கு நேர்கோடு ஒன்றைத்தான் பொருத்தும், நடுவிலுள்ள வளைவு தெரியாது. இந்தத் தரவு வகையையும் 'காரணி' என்றால் குழப்பம் இரட்டிப்பாகும். அதற்கு 'வகைமாறி' போடுகிறேன்.

க. எழுதியது:

நன்றி. ரன் மட்டும் பாக்கி. 'ஓட்டம்' என்றால் மாணவர்கள் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவார்கள். 'ஈடு' சரிவருமா? ஒரு ஈடு இட்லி என்கிறோமே, அதுபோல் ஒரு ஈடு சாயம்.

ந. எழுதியது:

'ஈடு' அருமையான சொல், ஆனால் ரன்னுக்கு அல்ல. இட்லிச் சட்டியில் ஓர் ஈட்டில் எத்தனை குழி? சாய ஆய்வுக்கூட இயந்திரத்திலும் அப்படித்தான், பல குடுவைகள் ஒரே நேரம் சுழலும். ஒவ்வொரு குடுவையிலும் உப்பையும் சோடாவையும் மாற்றலாம். வெப்பநிலை மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்று. அட்டவணையில் ஒரு வரி என்பது ஒரு குடுவை. ஈடு என்பது ஒரே சூட்டைப் பகிரும் குடுவைகளின் கூட்டம்.

இதைப் பிரித்துச் சொல்லாவிட்டால் நடப்பது இதுதான். மாணவர் 50 டிகிரியில் ஓர் ஈடு, 70 டிகிரியில் ஓர் ஈடு, ஈட்டுக்கு நான்கு குடுவை என்று எட்டு வரியையும் முடித்துவிடுவார். முதல் ஈட்டில் சாயக் கரைசல் கொஞ்சம் நீர்த்திருந்தாலும், அந்த வேறுபாடு முழுக்க வெப்பநிலையின் கணக்கில் ஏறும். மென்பொருளோ எட்டும் தனித்தனிச் சோதனை என்று நம்பி, வெப்பநிலைக்குச் சிறிய பிழையளவைக் காட்டிவிடும். ஆகவே வெப்பநிலையைப் பதியும்போதே 'மாற்றக் கடினம்' என்று குறிக்க வேண்டும், ஈடுகளையும் நான்காக்க வேண்டும்: 50-இல் இரண்டு, 70-இல் இரண்டு, மொத்தம் 16 குடுவை. ஈடுகளின் வரிசையையும் குலுக்கிப் போட வேண்டும், ஈட்டுக்குள் குடுவைகளையும் தனியே குலுக்க வேண்டும்.

இந்த அமைப்பே வயலில் பிறந்தது. புள்ளியியலாளர் ஃபிஷர் 1919-இல் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். உழவும் நீரும் பெரிய பாத்திக்கு, விதையும் உரமும் அதற்குள் சிறிய பாத்திக்கு. இந்த அமைப்புக்கு ஆங்கிலத்தில் ஸ்பிளிட் பிளாட் என்று பெயர். அதனால் அதற்குப் 'பிரிபாத்தி' என்று வைக்கலாம். ஈடு பெரிய பாத்தி, குடுவை சிறிய பாத்தி.

யா. எழுதியது:

பிரிபாத்தி நன்று. ஆனால் சாயப்பட்டறையில் பாத்தி எங்கே? 'ஈட்டுப் பிரிவு' என்றே சொல்லுங்கள்.

க. எழுதியது:

நேரமாகிவிட்டது. காரணி, நிலை, துலங்கல், ஈடு ஆகிய நான்கையும் பூட்டுகிறேன். காரணிக்கு நால்வர் ஆதரவு, வே. எதிர்ப்பு. ரன்னுக்கு இப்போதைக்குச் 'சோதனை வரி'. பிரிபாத்தியா ஈட்டுப் பிரிவா என்பது அடுத்த பதிப்புக்கு. 'மாற்றக் கடினம்' என்ற தேர்வை வெப்பநிலை வரிக்குப் பக்கத்திலேயே தெரியும்படி வைக்க ம.-விடம் கேட்டிருக்கிறேன்.

வே. எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். சொற்பட்டியலின் குறிப்புப் பத்தியில் 'முதனிலை' என்று ஒரு வரி சேருங்கள். 'சோதனை வரி' சொல்லே அல்ல, விளக்கம். 'குடுவை' என்றே வைத்தால் என்ன? துளங்கு–துலங்கு பற்றித் தனி இழை திறந்திருக்கிறேன்.