எலிஸுக்குப் பிறகு என்ன ஓட்டுவது? எமிராவா, ஆல்பைனா, வேறு ஏதாவதா?

கேள்வி: நார்ஃபோக் வளைவு

என்னிடம் 14 ஆண்டுகளாக ஒரு லோட்டஸ் எலிஸ் 111ஆர் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு வண்டி; டொயோட்டாவின் 1.8 லிட்டர் இன்ஜின், 189 குதிரைத்திறன், எடை 860 கிலோ. அடுத்து வாங்கும் வண்டியும் லோட்டஸின் ஹெத்தல் தொழிற்சாலையில் இருந்துதான் வரும் என்பதில் எனக்கு ஒருநாளும் ஐயம் இருந்ததில்லை. அந்த உறுதி இப்போது ஆட்டம் கண்டுவிட்டது.

2017இல் சீனாவின் ஜீலி நிறுவனம் லோட்டஸின் 51 விழுக்காடு பங்குகளை வாங்கியபோது நான் மகிழ்ந்தவன்தான். பணமில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு ஒரு கைதூக்கிவிடுதல் தேவைப்பட்டது. 2021 இறுதியில் எலிஸ், எக்ஸீஜ், எவோரா மூன்றையும் ஒன்றாக நிறுத்தினார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். 2022இல் எலெட்ரே வந்தது: வூஹானில் தயாராகும், ஏறத்தாழ 2.5 டன் எடையுள்ள மின்சார எஸ்யூவி. தாமரை என்பது நீரில் மிதக்கும் பூ என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தப் பெயரை அந்த உடலில் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

ஹெத்தலில் இருந்து இப்போது வரும் பெட்ரோல் வண்டி எமிரா ஒன்றுதான். சென்ற மாதம் அதன் வி6 (ஆறு உருளை இன்ஜின்) கைக்கியர் வகையை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். அழகில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் எலிஸின் அகலம் 1,719 மில்லிமீட்டர், எமிராவுக்கோ கண்ணாடிகள் நீங்கலாகவே 1,895. வைமண்டம் அருகே, இருபுறமும் வேலி உயர்ந்த ஒற்றைத் தடச் சாலையில் எதிரே ஒரு டிராக்டர் வந்தபோது, வண்டியைச் சுருக்கிவிடலாம் என்பதுபோல நான் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டேன்.

என் பயன்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு விடியலில் ஊர் எழுவதற்கு முன் ஓர் ஓட்டம், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஸ்னெட்டர்ட்டன் பந்தயத் தடத்தில் ஒரு நாள், கோடையில் ஒருமுறை மனைவியுடன் ஸ்காட்லாந்து மலைப்பகுதிக்கு ஒரு பயணம். வயது 53. வலது முழங்கால் மடங்க மறுக்கிறது. எலிஸின் பக்கவாட்டு விளிம்பைத் தாண்டி இறங்குவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டார். கையில் 60,000 பவுண்டு வரை இருக்கிறது. அதே சின்னத்துடன் தொடர்வதா, அல்லது அந்தச் சின்னம் முன்பு எதற்காக நின்றதோ அதை வேறு இடத்தில் தேடுவதா?

மறுமொழி 1: நடு இன்ஜின்

உங்கள் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. நான் எட்டு ஆண்டுகள் எலிஸ் ஓட்டியவன். மூன்று ஆண்டுகளாக ஆல்பைன் ஏ110 வைத்திருக்கிறேன். பிரான்சின் தியேப் நகரில் உருவான வண்டி என்றாலும், லோட்டஸைத் தொடங்கிய காலின் சாப்மன் இன்று இருந்திருந்தால் அதன் அடிப்பகுதியைக் குனிந்து பார்த்துவிட்டு ஒப்புதலாகத் தலையசைத்திருப்பார் என்பது என் எண்ணம்.

எடை சுமார் 1,100 கிலோ. குளிரூட்டி, ஒழுங்கான கதவுகள், காற்றுப் பைகள் ஆகிய எல்லாவற்றுடனும் இந்த எடையில் நிறுத்துவதற்கு அவர்கள் எப்படிக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குச் சுவையான பகுதி. சேசிஸும் (அடிச்சட்டகம்) உடலும் அலுமினியம், பசையாலும் ரிவெட்டாலும் இணைக்கப்பட்டவை. சபெல்ட் நிறுவனத்தின் இருக்கை ஒன்று 13.1 கிலோதான். பின்சக்கரத்தில் கைப்பிரேக்குக்கெனத் தனியாக ஒரு காலிப்பர் (பிரேக் வட்டைக் கவ்வும் பகுதி) வைப்பதுதான் வழக்கம்; இவர்கள் பிரேக் செய்யும் பிரெம்போ நிறுவனத்துடன் சேர்ந்து அதை முதன்மைக் காலிப்பருக்குள்ளேயே அடக்கி 2.5 கிலோ மிச்சம் பிடித்தார்கள். இரண்டரைக் கிலோவுக்கு இவ்வளவு மெனக்கெடுபவர்களிடம் மற்ற இடங்களைப் பற்றி நாம் கேட்கவே வேண்டியதில்லை.

எடை குறைந்தால் ஸ்பிரிங்கை இறுக்கத் தேவையில்லை, ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் கரடுமுரடான கிராமச் சாலையில் டயர் தரையை விட்டு எழும்புவதில்லை. எலிஸில் நீங்கள் விரும்பிய அந்த ஓட்டத்தின் தன்மை இந்தச் சங்கிலியில் இருந்துதான் பிறக்கிறது, ஏ110இலும் அது அப்படியே இருக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடிக்கும். அகலம் 1,798 மில்லிமீட்டர், ஆகவே உங்கள் டிராக்டர் கவலை பாதியாகக் குறையும். மக்லாரன் எஃப்1 என்ற சாலைக் காரை வடிவமைத்த கார்டன் மரே தம் அன்றாட ஓட்டத்துக்கு வாங்கிய வண்டி இது என்பதும் சும்மா இல்லை.

குறைகளை மறைக்க மாட்டேன். கைக்கியர் கிடையாது, ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் மட்டும்தான். ஸ்டியரிங் மின்விசை உதவியுடன் இயங்குவது, எலிஸின் உதவியில்லாத ஸ்டியரிங்கைப்போல ஒவ்வொரு கூழாங்கல்லையும் கையில் சொல்லாது. பொருள் வைக்க முன்னால் 100 லிட்டர், பின்னால் 96 லிட்டர் இடம் இருந்தாலும், பின்பக்க அறை இன்ஜினுக்கு அருகில் இருப்பதால் சாக்லேட்டை அங்கே வைக்காதீர்கள்.

இன்னொன்று: ஆல்பைனும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 2021 ஜனவரியில் லோட்டஸும் ஆல்பைனும் சேர்ந்தே ஒரு மின்சார ஸ்போர்ட்ஸ் கார் செய்வதாக அறிவித்தன. 2023இல் அந்தக் கூட்டு கலைந்தது. அடுத்த தலைமுறை ஏ110 மின்சாரத்தில்தான் வரும் என்று ஆல்பைன் சொல்லியிருக்கிறது. ஆகவே நீங்கள் ஒரு சின்னத்தை விட்டு இன்னொரு சின்னத்துக்கு மாறுகிறீர்கள் என்று நினைக்காமல், ஒரு குறிப்பிட்ட வண்டியை வாங்குகிறீர்கள் என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2: ஆறு உருளை

எமிரா வி6 கைக்கியர் வைத்திருப்பவன் என்ற முறையில் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். எமிராவை எலிஸுடன் ஒப்பிடுவதே பிழை. அது எவோராவின் வாரிசு. எவோராவில் இருந்த அதே சூப்பர்சார்ஜர் பூட்டிய 3.5 லிட்டர் டொயோட்டா வி6, 400 குதிரைத்திறன், நீர்ம விசையால் உதவப்படும் ஸ்டியரிங். ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் மின்விசை ஸ்டியரிங்குக்குப் போய்விட்ட காலத்தில், புதிய வண்டி ஒன்றில் அதை வைத்திருக்கிறார்கள் என்பதை யாரும் பாராட்டுவதில்லை. மெர்சிடஸ் ஏஎம்ஜியின் 2 லிட்டர் டர்போ வகையில் கைக்கியர் கிடையாது. அதை நீங்கள் பார்க்கவே வேண்டாம்.

எடை 1,400 கிலோவைத் தாண்டும் என்பது உண்மை. ஆனால் எட்டு மணி நேரம் ஓட்டி ஸ்காட்லாந்து போய், இறங்கியவுடன் நேராக நிமிர்ந்து நிற்க முடிகிறது. இருக்கைகளுக்குப் பின்னால் 208 லிட்டர், இன்ஜினுக்குப் பின்னால் 151 லிட்டர் இடம் இருக்கிறது. உங்கள் மனைவி ஒருமுறையாவது தமக்கென ஒரு பெட்டி எடுத்துவரலாம்.

எலெட்ரேயைக் கண்டு எரிச்சல்படுபவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2002இல் போர்ஷே கயென் வந்தபோதும் இதே கூக்குரல் எழுந்தது. அந்த எஸ்யூவி ஈட்டிய பணத்தில்தான் 911 பிழைத்துத் தழைத்தது.

மறுமொழி 3: மிதிவிசை

கயென் உவமை பொருந்தவில்லை, ஐயா. கயென் வந்தபோது 911ஐ நிறுத்தப்போவதாகப் போர்ஷே சொல்லவில்லை. லோட்டஸோ 2028க்குள் முழுவதும் மின்சாரத்துக்கு மாறுவதாக அறிவித்துவிட்டு, சந்தை அதற்கு ஒத்துவராததால் கலப்பின (ஹைப்ரிட்) வண்டிகளின் பக்கம் திரும்பியது. 2025 ஆகஸ்டில் பிரிட்டனில் 550 பணியிடங்கள் வரை குறைக்கப்போவதாகவும் அறிவித்தது. எஸ்யூவி ஸ்போர்ட்ஸ் காரைக் காப்பாற்றும் என்ற கணக்கு இங்கே இதுவரை கைகூடவில்லை. எமிரா நல்ல வண்டி என்பதில் எனக்கு மறுப்பில்லை.

போர்ஷே 718 கேமன் ஜிடிஎஸ் 4.0ஐ யாராவது பரிந்துரைப்பார்கள். இன்ஜின் அருமை; ஆனால் கியர் விகிதங்கள் மிக நீளமானவை. இரண்டாம் கியரிலேயே மணிக்கு 80 மைல் வரை போய்விடும், ஒற்றைத் தடச் சாலையின் சட்ட வரம்போ 60. அந்த இன்ஜினின் உச்சிக் குரலை ஞாயிறு காலையில் கேட்க வேண்டுமென்றால் உரிமத்தைப் பணயம் வைக்க வேண்டும்.

மறுமொழி 4: பழைய சாவி

எல்லோரும் எதை வாங்கலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இருப்பதை ஏன் விற்க வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

1996இல் ரிச்சர்ட் ராக்கமும் ஜூலியன் தாம்சனும் உருவாக்கிய எலிஸின் அலுமினிய சேசிஸ் வெறும் 68 கிலோ. அச்சின் வழியே பிதுக்கியெடுத்த நீள்சட்டங்களைப் பசையால் ஒட்டி நிறுத்திய அந்த முறை அன்று சாலை வண்டிகளில் புதுமை. எல்லாத் தலைமுறைகளையும் சேர்த்து 35,000க்குச் சற்று அதிகமான எலிஸ்கள்தான் செய்யப்பட்டன. அதுபோன்ற ஒன்றை இனி யாரும் புதிதாகச் செய்யப்போவதில்லை. மோதல் பாதுகாப்பு விதிகளும் மாசு விதிகளும் அதற்கு இடம் தரா.

உங்கள் வண்டி 20 ஆண்டு பழையது. சஸ்பென்ஷன் கைகள் எஃகாலானவை, துருப்பிடித்திருக்கும். புஷ்கள் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உறைகள்) இறுகியிருக்கும். ஸ்பிரிங்கின் அதிர்வை அடக்கும் டாம்பர்கள் தம் வேலையை எப்போதோ மறந்திருக்கும். இந்தத் தேய்மானம் மெல்ல மெல்ல வருவதால் சொந்தக்காரருக்குத் தெரிவதில்லை, வண்டி தன் இளமையில் எப்படி ஓடியது என்பதே நினைவில் மங்கிவிடுகிறது. புதிய கைகள், புஷ்கள், டாம்பர்கள், நான்கு நல்ல டயர்கள், பிறகு சக்கரக் கோணங்களைச் சரியாக அமைத்தல்: இவ்வளவையும் செய்தால் உங்கள் 60,000இல் சிறு பங்கே செலவாகும். எண்ணெய்க் கூலர் குழாய்களையும் முன் ரேடியேட்டரையும் அதே சமயம் பார்த்துவிடுங்கள். முன்பக்கக் கூட்டைக் கழற்றாமல் ரேடியேட்டரைத் தொட முடியாது, ஆகவே கழற்றும்போதே எல்லா வேலையையும் முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஒரு கடை எனக்கு அந்தக் கூட்டை இரண்டு முறை கழற்றி இரண்டு முறை கூலி வாங்கியது. நானே படித்த பாடம்.

முழங்காலுக்கு வருகிறேன். கழற்றி மாட்டும் ஸ்டியரிங் வளையம் ஒன்றைப் பொருத்துங்கள். ஆனால் உங்கள் வண்டியில் காற்றுப் பை இருந்தால் முதலில் அதைப் பற்றிக் காப்பீட்டு நிறுவனத்திடம் பேசிவிடுங்கள். கூரைத் துணியைச் சுருட்டி எடுத்துவிட்டு, கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இடது காலை முதலில் உள்ளே இருக்கையின் மேலேயே ஊன்றி நின்று, பிறகு வலது காலை இழுத்து இரண்டையும் மிதிகளை நோக்கி நீட்டியபடியே சறுக்கி இறங்குங்கள். இறங்கும்போது இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். நான் 67 வயதில் இப்படித்தான் ஏறுகிறேன்.

எடைதான் உங்கள் மதம் என்றால் கேட்டர்ஹமையும் சொல்லியாக வேண்டும். 1973இல் லோட்டஸிடம் இருந்து செவன் வண்டியின் உரிமையைப் பெற்றவர்கள் அவர்கள். செவன் 170 வெறும் 440 கிலோ. அதன் பக்கத்தில் உங்கள் எலிஸ் பருமனான வண்டி. ஆனால் ஸ்காட்லாந்துக்கு மனைவியை அதில் அழைத்துப் போனால், திரும்பி வரும்போது அவர் ரயிலில் வருவார்.

கேள்வி கேட்டவர்: நார்ஃபோக் வளைவு

அனைவருக்கும் நன்றி. பழைய சாவி அவர்கள் சொன்ன முறையில் இருக்கையின் மேல் நின்று இறங்கிப் பார்த்தேன். முழங்கால் எதிர்ப்புத் தெரிவித்தது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வரவில்லை. முன்னேற்றம்தான்.

சனிக்கிழமை ஒரு ஏ110ஐ அதே வைமண்டம் சாலையில் ஓட்டினேன். முதல் பத்து நிமிடம் இடது கை கியர் நெம்புகோலைத் தேடிக்கொண்டே இருந்தது. பிறகு, மேடு தாண்டி உடனே இடப்புறம் திரும்பும் இடம் ஒன்று வந்தது. என் எலிஸ் அங்கே மேட்டில் எழும்பி, ஒரு கணம் இலேசாகி, மறுபடி அமர்ந்த பிறகுதான் திருப்ப வேண்டும் என்று எனக்குப் பழக்கம். ஆல்பைன் ஒரே மூச்சில் அமர்ந்து, திருப்பு என்று கேட்டது. எமிராவில் அதே இடத்தில் நான் சாலையின் அகலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வளைவை அல்ல. என் எலிஸின் டாம்பர்கள் முடிந்துவிட்டன என்பதையும் அந்த மேடுதான் காட்டிக்கொடுத்தது. அந்த வகையில் பழைய சாவி அவர்கள் சொன்னது அப்படியே சரி.

ஆகவே பயன்படுத்திய ஏ110 ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தில் எலிஸின் சஸ்பென்ஷனைப் புதுப்பிக்கலாம் என்ற இடத்துக்கு வந்திருக்கிறேன். இரண்டையும் வைத்திருக்கக் கொட்டகையில் இடம் இருக்கிறது. மனைவி இன்னும் இசைவு சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. நடு இன்ஜின் அவர்களிடம் ஒரு கேள்வி: 13.1 கிலோ சபெல்ட் இருக்கை என் முழங்காலுக்கு ஒத்துவருமா?

மறுமொழி 5: நடு இன்ஜின்

ஒத்துவராது. அதன் சாய்வை மாற்ற முடியாது. உயரத்தை மாற்றக்கூட ஸ்பேனர் எடுக்க வேண்டும். லெஜெண்ட் வகையில் ஆறு வழிகளில் சரிசெய்யும் இருக்கை வருகிறது, எடை சற்றுக் கூடும், ஏறி இறங்குவது எளிது. உங்கள் மனைவியையும் அழைத்துப் போய் இரண்டு வகையிலும் அரை மணி நேரமாவது உட்கார்ந்து பாருங்கள். கொட்டகை அனுமதியும் அங்கேயே கிடைத்துவிடக்கூடும்.